மூன்று பானைத் தண்ணீர்

அம்சவேணி அக்காவைப் பற்றி எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் "புண்ணியவதி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே சேர்ந்து ஒருத்தியின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு, அவள் இறக்கி வைக்கப் பார்த்தபோது வேடிக்கை பார்த்துவிட்டு, செத்த பிறகு புண்ணியவதி என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. பெயர் சுலோசனா. நாகலாபுரத்திலிருந்து இந்த வடமாலைக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புண்ணியக் கதையை மற்றவர்கள் சொல்லட்டும். நான் கண்ணால் பார்த்த தண்ணீர்க் கதையைச் சொல்கிறேன்.

நகரியிலிருந்து புத்தூர் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் குப்பம். எல்லா வீட்டிலும் தறி. ரோட்டு முனையில் அக்காவின் காபிக் கடை. காலையில் இட்லி, பத்து மணிக்கு மேல் காபி, சாயங்காலம் போண்டா. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், தறிக்குப் பாவு நூல் போடுகிறவர்கள், சாயப்பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் அந்தக் கடைதான். அவள் புருஷன் தணிகாசலம் அண்ணன் சாயப்பட்டறையில் நூல் முக்குகிற வேலை. முழங்கை வரைக்கும் அவர் கையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். பிள்ளைகுட்டி இல்லை. கடையும் புருஷனும்தான் அவளுக்கு உலகம்.

சாயப்பட்டறை தாமோதரன் முதலாளியுடையது. ஆந்திர ராஜ்ஜியம் என்று தனியாகப் பிரித்து எங்களை அந்தப் பக்கம் சேர்த்தார்களே, அந்த வருஷம்தான் அவர் பட்டறையைப் பெரிதாக்கினார். சாயம் ஏற்றிய நூலை அலசிய தண்ணீர் ஒரு வாய்க்காலில் ஓடி வந்து, ஊர்க் கிணற்றுக்கு மேற்கே இருந்த பள்ளத்தில் தேங்கும். தேங்கினது தேங்கினபடி இருக்குமா? மண்ணுக்குள் இறங்கி, கிணற்றுக்குள் கசிந்தது. முதலில் வாளியில் லேசாக ஒரு சிவப்பு. அப்புறம் தீபாவளிக்கு முன்னால் நல்ல சிவப்பு. பொங்கலுக்குப் பிறகு நாவல்பழம் ஊறவைத்த மாதிரி ஒரு நிறம். ஒரு நாற்றமும் வந்தது. எங்களுக்கு இருந்ததோ அந்த ஒரு கிணறு.

முதலாளியிடம் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். யார் போவது? குப்பத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் நூல் கொடுக்கிறார். மீதிப் பேர் அவர் பட்டறையில் வேலை. ஒரு தரம் அக்கா வாயைத் திறந்தபோது தணிகாசலம் அண்ணன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இன்னா அம்சா, நாம துன்றதே அந்தப் பட்டறை சோறு. அதுல போயி மண்ணப் போடச் சொல்றியா?"

"சோறு அவுரு போடறாரு, சரி. தண்ணி யாரு போடறது?" என்றாள் அக்கா. அண்ணன் எழுந்து போய்க் கையைக் கழுவினார். அவர் கெட்டவர் இல்லை. பதில் இல்லாதவர், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் பஸ் கண்டக்டர் இட்லியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இட்லி கூட ரோஸ் பவுடர் பூசிகினு வருது?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. மறுநாள் இட்லிக்கு ஊறப்போட்டிருந்த அரிசி, அதுவும் ரோஸ். அந்தத் தண்ணீரைக் கோபத்தோடு வடித்து, கடைக்குப் பின்னால் வீசிக் கொட்டினாள். அங்கே அவள் அடுப்பிலிருந்து வாரிப் போட்ட கரி மலையாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை விளைச்சல் அதிகம். மில்லில் உடைத்த கடலைத்தோல் சல்லிசாகக் கிடைக்கும், கடை அடுப்புக்கு அதுதான் எரிபொருள். கொட்டிய ரோஸ் தண்ணீர் அந்தக் கரிக் குவியலுக்குள் இறங்கி, கீழே ஒரு ஓரமாகக் கசிந்து வந்தபோது அதில் நிறமே இல்லை.

அவள் குனிந்து, கையில் ஏந்திப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். நானும் பார்த்தேன். மழைத்தண்ணீர் மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் அந்தத் தண்ணீரை வேறு பக்கம் கொட்டியிருக்கக் கூடாதா என்று நான் எத்தனையோ நாள் நினைத்து வயிறெரிந்திருக்கிறேன்.

அதிலிருந்து அவளுக்கு அதே வேலை. பானையின் அடியில் ஓட்டை போட்டு, துணி வைத்து, கரியைப் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். முதலில் சாம்பல் கலந்துவிட்டது. தண்ணீர் நிறம் போனாலும் சீயக்காய் போட்ட மாதிரி வழுக்கியது. கடலைத்தோலைத் திறந்து வைத்து எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும் என்று கண்டுகொண்டாள். பள்ளம் தோண்டி, தோலை இறுக்கி அமுக்கி, தீ வைத்து, வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகிற சமயம் பார்த்து ஈரக் கோணியும் சேறும் போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே மூச்சு முட்டி வேக வேண்டும். மறுநாள் பிரித்தால் தோல் தோலாகவே கறுத்துக் கிடக்கும். அதை அலசி, கீழே செங்கல் பொடி, அதற்கு மேல் ஆற்று மணல், அதற்கு மேல் கரி, மறுபடி மணல். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பானை. மேல் பானையில் சிவப்பு, நடுப்பானையில் கரி, கீழ்ப்பானையில் தெளிந்த தண்ணீர்.

இட்லி வெள்ளையாயிற்று. நாற்றமும் போயிற்று. ஆனால் உப்பு போகவில்லை. சாயம் ஏறுவதற்காகப் பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுவார்கள், அது கரிக்குப் பிடிபடாது. "எங்கடைல இட்லிக்கு உப்பே போட மாட்டேன், முதலாளி போட்டுட்டாரு" என்று அக்காவே கேலி செய்வாள். கேலிதான். குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப் போக்கு. ஆடு மாடு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சினை நிற்காமல் போயிற்று. தண்ணீர் தெளிந்திருந்தது, நல்ல தண்ணீராகவில்லை. இந்த வித்தியாசம் அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

கடையில் தெளிந்த தண்ணீர் என்றதும் ஆளாளுக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் மூன்று பானை வைத்துக் கொடுத்தாள். பானை வைப்பது சுலபம், கரிதான் கஷ்டம். கரி கொஞ்ச நாள்தான் உழைக்கும். அப்புறம் கீழ்ப்பானையில் லேசாகச் சிவப்பு தட்டும். "கரிக்கு வயிறு ரொம்பிப் போச்சு" என்பாள். பழையதை எடுத்துவிட்டுப் புதுக்கரி போட வேண்டும். இரண்டொருவர் தாங்களே பள்ளம் தோண்டிக் கரிமூட்டம் போட்டுப் பார்த்தார்கள். மூடுகிற சமயம் தப்பிப்போய்ச் சாம்பலாயிற்று. அதோடு விட்டுவிட்டார்கள். அம்சவேணிதான் செய்கிறாளே, நாம் எதற்குப் புகையில் நிற்க வேண்டும்? என் மாமியார் ரத்னம்மா இதை வாய்விட்டே சொன்னாள்.

ஆக, குப்பம் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் ஒருத்தியின் மூட்டத்தில் வந்து நின்றது. காலையில் கடை, மத்தியானம் கடலைத்தோல் அமுக்குவது, சாயங்காலம் புகையின் முன்னால் காவல். கண் எந்நேரமும் சிவந்திருக்கும். இருமல் வந்து நெஞ்சிலேயே குடியேறிவிட்டது. பாகாலாவில் அவள் தங்கை மனோரமா இருந்தாள். அந்தத் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று அக்கா இரண்டு நாளைக்குப் போனாள். போகும் முன்னால் எல்லோருக்கும் கரி கொடுத்துவிட்டுத்தான் போனாள். என்ன செய்வது, அந்த வாரம் பட்டறையில் கறுப்புச் சாயம், கரி சீக்கிரமே நிறைந்துவிட்டது. தாலி கட்டுகிற நேரத்துக்கு இங்கிருந்து ஒருத்தன் பஸ் ஏறிப் போய்ப் பந்தலுக்கு முன்னால் நின்றான். "அக்கா, தண்ணி கறுப்பா வருது, ஒடனே வரச் சொன்னாங்க." அவள் சாப்பிடாமலேயே திரும்பி வந்தாள். கண்ணெதிரே தெரிகிற திருப்பதி மலைக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டிருந்தாள். அதற்கும் போக முடியவில்லை.

தாமோதரன் முதலாளிக்கோ பரம சந்தோஷம். அவர் வீட்டுக்கு அவருடைய சொந்தத் தோப்புக் கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாயில் தண்ணீர் வரும். ஆனாலும் கடைக்கு முன்னால் நின்று, "அம்சவேணி மாதிரி ஊருக்கு ஒரு பொம்பள இருந்தா கவர்மெண்டே தேவையில்ல" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். முன்பெல்லாம் வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தவர். பானைகள் வந்த பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அக்கா அதைப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு நாள் கரியை அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "சுலோ, நான் இந்தப் பானைய வெச்சிருக்கிற வரைக்கும் அந்த வாய்க்கா அங்கதான் ஓடும். பானைய எடுத்தா இதுங்க எல்லாம் அந்தத் தண்ணியக் குடிக்கும். எந்தப் பக்கம் போறது சொல்லு" என்றாள். நான் என்ன சொல்ல? எனக்கும் அப்போது மடியில் குழந்தை. அவள் பானை இல்லாவிட்டால் என் குழந்தை என்ன குடிக்கும்?

அவள் ஒரு வழி யோசித்தாள். பட்டறையை எதிர்க்க முடியாது. ஆனால் மலையடிவாரத்தில் தோப்பு ஓரமாக நல்ல ஊற்று இருக்கிறது, அங்கே சர்க்கார் ஒரு புதுக் கிணறு வெட்டிக் கொடுத்தால் போதும். யார் பெயரையும் இழுக்க வேண்டாம். மனு எழுதி எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினாள். தணிகாசலம் அண்ணனும் போட்டார். முதலாளிகூடப் போட்டார், அவருக்கென்ன நஷ்டம்?

மனு போன நேரம் சரியில்லை. அப்போது எங்கள் பக்கம் எல்லோருக்கும் எல்லைப் பைத்தியம். நாங்கள் மதராசுக்கா, ஆந்திராவுக்கா என்று தினம் ஒரு கூட்டம், தினம் ஒரு ஊர்வலம். தாலுகா கச்சேரியில் போய்க் கேட்டால், "நீங்க அந்தப் பக்கம் போயிட்டா, நாங்க வெட்டின கெணத்துல அவங்க இல்ல தண்ணி எடுப்பாங்க? எல்லை முடியட்டும்" என்றார்கள். எங்கள் பக்கத்துத் தமிழ்த் தலைவர்களைக் கேட்டால், "மதராசோட சேர்ந்த மறுநாளே கெணறு" என்றார்கள். வருஷம் வருஷமாக இந்தப் பாட்டுத்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்களுக்கு எது சாமி, எது பூசாரி என்றே தெரியவில்லை.

கடைசியில் எல்லை முடிந்தது. திருத்தணி மதராசுக்குப் போயிற்று. நாங்கள் இருந்த இடத்திலேயே, ஆந்திராவிலேயே, இருந்தோம். ஆம்பிளைகள் எழவு விழுந்த மாதிரி கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் காபியை நுரை பொங்க ஆற்றிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள்.

"எந்த ராஜ்ஜியமா இருந்தா இன்னா? இனிமே யாரும் சாக்கு சொல்ல முடியாது இல்ல?"

அவள் சொன்னபடியே நடந்தது. பஞ்சாயத்து சமிதி ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்து தண்ணீரைப் பார்க்கப் போகிறார், தேவை என்று அவர் எழுதினால் கிணறு நிச்சயம் என்று கிராம முன்சீப் சொல்லி அனுப்பினார். அக்கா அன்றைக்கு இருந்த இருப்பை என்னவென்று சொல்வேன்! கல்யாணம் நிச்சயமான பெண் மாதிரி வீடு வீடாகப் போனாள்.

கங்கம்மா கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டினாள். "ஓவர்சியர் வர்ற அன்னிக்கி ஒரு வீட்லயும் பானை வெளிய தெரியக் கூடாது. தண்ணி கேட்டா கெணத்துத் தண்ணியக் காட்டுங்க. இதான் எங்க தண்ணின்னு சொல்லுங்க. ஒரே ஒரு நாளு. அப்புறம் ஜென்மத்துக்கும் நல்ல தண்ணி." எல்லோரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். என் மாமியார் எல்லோரையும்விடச் சத்தமாகச் செய்தாள்.

அன்று காலையில் கடைக்குப் பின்னால் ஏதோ உடைகிற சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா தன்னுடைய மூன்று பானைகளையும் உலக்கையால் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கரியும் மணலும் தரையெல்லாம் பரவிக் கிடந்தது.

"இன்னாக்கா இது? மறைச்சி வெச்சா போதாதா?"

"போதாது. காபிக் கடைக்காரி கை இது. வந்த ஆளுக்கு மொதல்ல தண்ணிய எடுத்து வெச்சிப் பழகின கை. அதுவா போயி நல்ல தண்ணிய மோந்துடும். இல்லாத தண்ணிய எப்படி மோக்கும்?" என்று சொல்லிவிட்டு, கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வந்து கடைப் பலகையில் வைத்தாள். நல்ல சிவப்பு. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு திருப்தி.

சித்திரை வெயில். ஜீப் வந்து நின்றது. ஓவர்சியர் இளவயசுக்காரர், கடற்கரைப் பக்கத்துத் தெலுங்கர், கொஞ்சம் தமிழும் பேசுவார். அதிகாரம் பண்ணாத மனுஷன். வேர்த்து விறுவிறுத்து இறங்கியவர் முதலில் கண்ணில் பட்ட வீட்டுக்குள் நுழைந்தார். எங்கள் வீடு.

என் மாமியார் என்ன செய்தாள் தெரியுமா? புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பில், உள்ளே மறைத்து வைத்திருந்த பானையிலிருந்து தெளிந்த தண்ணீரை மொண்டு, இரண்டு துளசி இலையும் போட்டு நீட்டினாள். நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா கெடடீ. வூட்டுக்கு வந்த மனுசனுக்கு அழுக்குத் தண்ணி குடுத்தா ஊரு இன்னா சொல்லும்? ரெண்டாவது வூட்ல பாத்துக்கட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இரண்டாவது வீட்டுக்காரி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டாள். ரத்னம்மா வீட்டில் துளசித் தண்ணீர் கொடுத்தால் அவள் மட்டும் சிவப்புத் தண்ணீரா கொடுப்பாள்? அவள் நீர்மோர் கொடுத்தாள். மூன்றாவது வீட்டில் பானகம். ஆளுக்கு ஆள் போட்டி. சத்தியம் கற்பூரத்தோடு போயிற்று. விருந்தாளிக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு, கெட்டதை அடுத்த வீடு காட்டட்டும் என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். தெரு முனை வரைக்கும் அந்த அடுத்த வீடு வரவேயில்லை.

ஓவர்சியர் "சால பாகுந்தி, சால பாகுந்தி", ரொம்ப நன்றாயிருக்கிறது என்று குடித்துக்கொண்டே போனார். உள்ளே எட்டிப் பார்த்துப் பானைகளையும் கண்டுபிடித்துவிட்டார். மேல் பானையில் சிவப்பையும் கீழ்ப்பானையில் தெளிவையும் பார்த்து அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கிணற்றையும் போய்ப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார், முகம் சுளித்தார். பிறகு கடைக்கு வந்தார். பின்னால் நாங்கள் எல்லோரும்.

அக்காவுக்கு அதற்குள் செய்தி எட்டிவிட்டிருந்தது. அவள் எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"அம்மா, எல்லா வீட்லயும் நல்ல தண்ணி குடுத்தாங்களே" என்றார் ஓவர்சியர்.

"அதெல்லாம் இன்னிக்கி உங்களுக்காக, சார். எங்கியோ போயி எடுத்துகினு வந்தது. பானை எல்லாம் சும்மா, ஒழுங்கா வேலை செய்யாது. நாங்க தினமும் குடிக்கிறது இது" என்று சிவப்புத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு அவர் முன்னால் வைத்தாள். பொய் என்று தெரிந்தும் நான் மனசுக்குள் கங்கம்மாவைக் கும்பிட்டேன். நம்பட்டும் தாயே, இந்த ஒரு பொய்யை நம்பட்டும்.

"இதேனா மீரு தாகேதி?" இதைத்தான் குடிக்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

"ஆமா சார். சின்னப் புள்ளைங்க கூட இதைத்தான் குடிக்குது."

அவர் முகம் மாறிற்று. நிஜமாகவே கலங்கிவிட்டார். எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "உப்பு எவ்வளவுன்னு எழுதணும். நீங்க தினம் குடிக்கிறீங்க, நான் ஒரு வாய் குடிச்சா என்ன ஆகும்?" என்று டம்ளரைக் கையில் எடுத்தார்.

அவர் டம்ளரை உயர்த்தினார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வாய்தான். குடித்தால் கிணறு. டம்ளர் உதட்டுக்குப் போன நேரத்தில் அவள் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம் சார். குடிக்காதீங்க."

"ஏன்மா?"

"வேணாம்."

தண்ணீர் அவர் சட்டையில் சிந்திச் சிவப்பாயிற்று. அவள் கையை விட்டாள். என் பக்கம் திரும்பாமலே எங்கள் வீட்டுக்குள் ஓடி, துளசி மிதந்த அதே சொம்பை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். "இதைக் குடிங்க. இது பானைத் தண்ணி. நாங்களும் இதைத்தான் குடிக்கிறோம். ஆனா நெறம்தான் போவும் சார், உப்பு போவாது. புள்ளைங்களுக்கு வவுறு நிக்க மாட்டேங்குது. நான் ஒருத்திதான் கரி சுடறேன், என்னால முடியல. பொய் சொன்னேன், தப்புதான். கெணறு மட்டும் குடுங்க சார்."

ஓவர்சியர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. அவர் அந்தத் தண்ணீரைக் குடித்தார், நாக்கில் வைத்துச் சப்பிப் பார்த்தார். "உப்பு இருக்கு. எங்க ஊர்லயும் இப்படித்தாம்மா" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். இந்தச் சமிதிக்கு வந்திருப்பது சில கிணறுகள்தான். கேட்டிருப்பது அதைப்போலப் பல மடங்கு ஊர்கள். மலைக்கு அந்தண்டை ஒரு ஊரில் தண்ணீரே கிடையாது, பெண்கள் வெயிலில் அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள். "இங்க தண்ணி உந்தி, இருக்கு. அதைச் சுத்தம் பண்ண வழியும் உந்தி. நான் எப்படிம்மா உங்களுக்கு எழுதறது? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நடக்கிற அந்தப் பெண்களை நினைத்துத்தான் அவள் வாயடைத்துப் போனாள் என்று எனக்குத் தெரியும். போகும்போது அவர் இரண்டு கையையும் கூப்பி, மற்ற ஊர்க்காரர்களை இங்கே அனுப்பி இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளச் சொல்லப் போவதாகச் சொன்னார். கௌரவமாகத்தான் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள்.

ஜீப் போன பிறகு என் மாமியார் வாயைத் திறந்தாள். "நாங்க குடுத்தா குடுத்துட்டுப் போறோம். நீ எதுக்குடி கடைசீல கையைப் புடிச்ச? எல்லாம் உன்னாலதான்." எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் தடவையாக மாமியாரை எதிர்த்துப் பேசினேன். என்ன பேசினேன் என்பது இங்கே வேண்டாம். அதற்காக ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை, அது ஒரு லாபம்.

சாயங்காலம் கடைப்பக்கம் போனேன். அக்கா உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியாரைத் திட்டினேனே தவிர, அந்தக் கேள்வி எனக்குள்ளும் குடைந்துகொண்டுதான் இருந்தது.

"ஒரு வாய்தானேக்கா. செத்தா போயிடுவாரு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன், சுலோ. ஒரு வாய்தானே, குடிக்கட்டும், கெணறு வந்துடும்னு. மனசக் கல்லாக்கிகினுதான் நின்னேன்." அவள் கண்ணைத் துடைத்தாள், கையிலிருந்த கரி முகத்தில் அப்பியது. "எங்கடைல ஒருத்தன் தண்ணின்னு வாயில வெக்கிறான். அது இன்னான்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதைக் குடிக்க வுட்டுட்டு, அதால வந்த கெணத்துல நான் எப்படிம்மா குடிப்பேன்?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டைப் பொறுக்கினேன். வேறு என்ன செய்ய?

பொழுது சாயும் நேரத்தில் தணிகாசலம் அண்ணன் வந்தார். தலையில் ஒன்று, தோளுக்கு ஒன்று, ஆக மூன்று புதுப் பானைகள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. வாங்கினீர்களா என்று அக்கா கேட்டதற்கு அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், "முதலாளி குடுத்தனுப்பினாரு. பாவம், உன் பானை ஒடஞ்சி போச்சாமேன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு" என்றார்.

அக்கா ரொம்ப நேரம் அந்தப் பானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிப் போட்டு உடைப்பாள் என்று நினைத்தேன். உடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்குள் என் மாமியார் வீட்டு வாசலிலிருந்து குரல் கொடுத்தாள், கரி தீர்ந்துவிட்டதாம், குழந்தைக்குத் தண்ணீர் இல்லையாம். என் குழந்தைக்கு.

அவள் எழுந்து ஒரு பானையை எடுத்து, விரலால் தட்டிக் கேட்டுப் பார்த்தாள். நன்றாகச் சுட்ட பானைதான். அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, அழுதபடியே, ஆணியால் அடியில் ஓட்டை போட ஆரம்பித்தாள்.